வரலாற்றாய்வுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கும் மாணவர்கள், அவர்களை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர், பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் வரலாறு எழுத ஆசைப்படும் பெரியவர்கள் ஆகிய மூன்று தரப்பாரும் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வரலாற்றை ஆராய்வதை மனத்தில் வைத்து விடை எழுதியிருக்கிறேன். சில இடங்களில் என் சொந்த அபிப்பிராயம் தூக்கலாகத் தெரியும். அதைத் தனியாகப் பிரித்தெடுத்துக்கொள்வதும் வாசகரின் பயிற்சிதான்.

பள்ளியில் படித்த வரலாற்றுக்கும் ஆய்வு என்று சொல்வதற்கும் என்ன வேறுபாடு?

முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடந்தது என்று பள்ளியில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். ஆய்வுக்கு வந்தால் முதல் கேள்வி, இது நமக்கு எப்படித் தெரியும் என்பது. அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று மன்னனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. இரண்டும் சபை எடுத்த தீர்மானங்கள். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிப்பது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுவது, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வது எல்லாம் அவற்றில்தான் வருகின்றன.

அடுத்த கேள்வி, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம்? கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) இறை, அதாவது வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் போட்டியிடவே முடியாது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதெல்லாம் இன்றைய உள்ளாட்சி மன்றங்கள் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் ஆய்வு சூடுபிடிக்கிறது. 919-இல் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. 921-இல் அது முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆகிறது. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? முதல் விதியைப் பயன்படுத்திக்கொண்டு யாரோ உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது யாரையோ உள்ளே விட வேண்டியிருந்திருக்க வேண்டும். கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் எவ்வளவு தூரம் ஊகிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பழகுவதற்குத்தான் மூன்று, நான்கு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

உத்திரமேரூரை உலகின் முதல் ஜனநாயகம் என்று சொல்லலாமா?

மேடையில் சொல்கிறார்கள். ஆய்வேட்டில் சொன்னால் அந்த வரியை நான் அடித்துவிடுவேன். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அந்தச் சபை நிலமுடைய பிராமண ஆண்களின் சபை. உழுதவர்களுக்கு ஓலை கிடையாது, பெண்களுக்குக் கிடையாது. அதனால் கல்வெட்டின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு நிலவுடைமைக் குழு தனக்குள் அதிகாரம் ஒரே கையில் தங்காமல் இருக்க இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தது என்பது பத்தாம் நூற்றாண்டுக்கு அபூர்வமான சாட்சி. முதல், மிகப் பெரிய, மிகப் பழைய என்ற சொற்களை எடுத்துவிட்டு அதையே விவரித்துப் பாருங்கள். சொல்வதற்கு நிறைய மிஞ்சும்.

கீழடி பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அந்தக் குடியிருப்பின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. அந்தத் தேதி ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் தேதி. அதே மண்ணடுக்கில் வேறு என்னென்ன கிடைத்தன, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எந்த அடுக்கில் கிடைத்தன என்று கேட்பவரைத் தமிழ் விரோதி என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கேட்டு விடை பெற்ற பிறகுதான் அந்தத் தேதியை வெளியூர்க்காரரிடம் வாதாடி நிலைநாட்ட முடியும்.

பையன் வரலாறு படிக்கப்போகிறேன் என்கிறான். வேலை கிடைக்குமா?

பெற்றோரிடம் பூசி மெழுகிப் பயனில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். நிரந்தரப் பணியிடங்களுக்கு அறிவிப்பு எப்போதாவதுதான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலானவர்கள் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வழிகாட்டியது. அரசுக் கல்லூரிகளில் நடைமுறையில் கிடைப்பது அதற்கு வெகுவாகக் கீழே. கோடை விடுமுறையில் அதுவும் நின்றுவிடும். முனைவர் பட்டம் வாங்கி, திருமணமாகி, நாற்பது வயதில் ஏப்ரல் மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். இந்தத் துறையின் பெரிய அவமானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. குடிமைப் பணித் தேர்வு, மாநிலத் தேர்வாணையத்தின் தொகுதித் (குரூப்) தேர்வுகள், பள்ளி ஆசிரியர் தேர்வு, தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், ஆவணக்காப்பகங்கள், பத்திரிகைகள் என்று வரலாற்று மாணவர்கள் போய்ச் சேரும் இடங்கள் பல. பையனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: பழைய காகிதத்தோடு நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க அவனுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் அவனைத் தடுத்துப் பயனில்லை. பிடிக்காது என்றால் முதுகலையோடு நிறுத்திக்கொண்டு தேர்வுகளுக்குத் தயாராகலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

நெட் தேர்வு எழுதியே ஆக வேண்டுமா?

எழுதிவிடுங்கள். கல்லூரி ஆசிரியராவதற்கான இந்தத் தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு நடக்கிறது. இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் விடாமல் எழுத வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். ஏழை வீட்டுப் பிள்ளை ஆய்வை முடிப்பதும் பாதியில் விடுவதும் பெரும்பாலும் இந்தப் பணத்தைப் பொறுத்தே அமைகிறது.

வரலாற்றுக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்த மாணவருக்கு இது அநியாயம்தான். முறையிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் தயாராவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி இல்லை.

எம்.ஃபில். படிக்கலாமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளோடு அது முடிந்துபோனது. முதுகலைக்குப் பிறகு நேரே முனைவர் பட்டம்தான்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"சோழர் காலப் பொருளாதாரம் – ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நானூறு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள். இதற்கு ஒரு வாழ்நாளும் போதாது. "இன்ன மாவட்டத்தில் விடுதலைப் போராட்டம்" என்ற வகையிலும் அலமாரி நிறைய ஏடுகள் இருக்கின்றன. மாவட்டப் பெயரை மாற்றிவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

நல்ல தலைப்பில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய சான்றுகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1960-களில் செய்த ஒரு வேலையை எப்போதும் எடுத்துக்காட்டுவேன். திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு சோழர் கால ஊர்கள். அல்லூர் வேளாளர் ஊர், ஈசானமங்கலம் பிரமதேயம். அவர் எடுத்துக்கொண்டது இந்த இரண்டு ஊர்க் கல்வெட்டுகளை மட்டும். யார் யாருக்கு நிலம் விற்கிறார்கள், விற்பவர் தனி ஆளா, ஊரா என்று பார்த்தார். ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரில் ஊரார் கூட்டாக விற்கிறார்கள். சோழர் காலத்தில் நிலவுடைமை எங்கும் ஒரே மாதிரியாக இருந்தது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு, அச்சில் வந்துவிட்ட கல்வெட்டுகள், சரியான ஒரு கேள்வி. இவ்வளவும் நம் மாணவர்கள் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து செய்ய வேண்டியிருந்தது.

கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். தமிழ் எழுத்தின் பழைய வடிவங்களோடு, வடசொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் கொஞ்சம் தெரிந்தால், பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டை ஆறு மாதத்தில் தடவித் தடவிப் படிக்க ஆரம்பித்துவிடலாம். பாண்டிய நாட்டுப் பக்கம் பழைய கல்வெட்டுகளுக்கு வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையும் வேண்டும். மாநிலத் தொல்லியல் துறை பட்டயப் படிப்பு நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கல்வெட்டுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. ஸ்வஸ்திஸ்ரீ என்று தொடங்கும். பிறகு மெய்க்கீர்த்தி, அதாவது மன்னனின் புகழைச் சொல்லும் பகுதி. "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று ஆரம்பித்தால் முதலாம் ராஜராஜன். அடுத்து யாண்டு (மன்னனின் ஆட்சியாண்டு), வளநாடு, அதற்குள் நாடு, அதற்குள் ஊர். பிறகு கொடுத்தவர், கொடுத்த பொருள், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு. சிவன் கோயிலாக இருந்தால் முடிவில் "பன்மாஹேஸ்வர ரக்ஷை", அதாவது சிவனடியார்கள் இதைக் காக்க வேண்டும் என்பது. எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பாதி படித்த மாதிரி.

ஒரு சாதாரண விளக்குத் தானத்தைப் பாருங்கள். அணையாமல் எரிய வேண்டிய நொந்தா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகள். "சாவா மூவாப் பேராடு" என்று எழுதியிருக்கும். இந்த ஆடுகள் சாகவும் மாட்டா, கிழடாகவும் மாட்டா. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோய் வந்து மந்தை அழிந்தாலும் நெய் நிற்கக் கூடாது. பக்தி என்று மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது முதலீடும்தான், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு கடமையும்தான். அந்தக் கடமை யார் தலையில் விழுந்தது, அவருக்கு என்ன மிஞ்சியது என்று ஒரு வட்டாரத்தின் விளக்குத் தானங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஓர் ஆய்வேடு கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். எழுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவரில் சுண்ணாம்பைப் பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். படியெடுப்பதற்கு முறை இருக்கிறது. கல்லைத் தூரிகையால் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மேலே மையை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் வரும். 1880-களில் அரசுக் கல்வெட்டறிஞர் ஹுல்ச் காலத்திலிருந்து இப்படி எடுத்த படிகள்தான் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுக்கு அடிப்படை. திருப்பணியில் கோயில் இடிபட்டுப்போய், படி மட்டும் மிஞ்சியிருக்கும் கல்வெட்டுகளும் உண்டு. உங்களிடம் இருப்பது கைப்பேசி மட்டும்தானா? மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள்.

ஆவணக்காப்பகத்தில் என்ன இருக்கிறது? எப்படி உள்ளே போவது?

சென்னையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பதினேழாம் நூற்றாண்டுப் பதிவுகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டு அரசாணைகள் வரை அங்கே இருக்கின்றன. டச்சுக்காரர்கள் கொச்சியில் விட்டுச்சென்ற ஆவணங்களும் அங்கேதான். நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோய் விண்ணப்பியுங்கள். பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். தூசி ஒவ்வாதவர்களுக்கு முகக்கவசம் நல்லது.

உள்ளே போனவுடன் ஆவணக் கட்டுகளைக் கேட்கக் கூடாது. அட்டவணைத் தொகுதிகளைக் கேட்க வேண்டும். துறைவாரியாக, ஆண்டுவாரியாக அவை இருக்கும். அன்றைய எழுத்தர் எந்தத் தலைப்பில் பதிந்தாரோ அந்தத் தலைப்பில்தான் விஷயம் கிடைக்கும். பட்டினி பற்றித் தேடுகிறவருக்குப் பட்டினி என்ற தலைப்பில் ஒன்றும் அகப்படாமல், சாலைகள், சிறைகள், நிலவரி வஜா (தள்ளுபடி) என்ற தலைப்புகளில் எல்லாம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், மேல்செலவுக்குக் கொஞ்சம் காசு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், வேலை செய்கிறவன் உடம்பு இதில் தாங்காது என்று எழுதினார். டெம்பிள் மறுத்தார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்திவிட்டது.

இந்தக் காகிதங்களை எடுத்துப் படிக்கிற மாணவர் கார்னிஷை நல்லவராகவும் டெம்பிளைக் கெட்டவராகவும் எழுதிவிட்டு எழுந்துவிடுவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு கடிதமும் யாருக்கு எழுதப்பட்டது? டெம்பிள் தன்னை அனுப்பியவருக்குச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டியவர். கார்னிஷ் தன் துறையின் சொல் எடுபட வேண்டும் என்று நினைத்தவர். சென்னை அரசுக்கும் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசுக்கும் ஏற்கெனவே உரசல். இவ்வளவையும் கழித்துப் பார்த்த பிறகும் ஒரு பவுண்டு ஒரு பவுண்டுதான், அது போதாது என்பதும் உண்மைதான். கழித்துப் பார்க்காமல் சொல்வதற்கும் பார்த்துவிட்டுச் சொல்வதற்கும் எழுத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, ஆணையின் கடைசிப் பத்தியை மட்டும் குறித்துக்கொண்டு கட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆணைக்கு முன் இருக்கும் மனுக்களையும், ஆட்சியர் கடிதங்களையும், இருபதாம் நூற்றாண்டுக் கட்டுகளாக இருந்தால் அலுவலர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளையும் படியுங்கள். அரசு ஒரே குரலில் பேசுவது கடைசிப் பத்தியில் மட்டும்தான்.

பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களின் குரல் எங்கே?

கட்டுகளில் மிகக் குறைவு. மனுக்களில் கொஞ்சம் கேட்கும், அதுவும் மனு எழுதுபவரின் நடையில். சுதேசப் பத்திரிகைகளில் வந்தவற்றை மொழிபெயர்த்து, சுருக்கி, அதிகாரிகள் பார்வைக்காக அரசு அச்சிட்டுவந்த வார அறிக்கைகள் இன்னொரு வாசல். மூலப் பத்திரிகைகள் பல அழிந்துவிட்டன. கண்காணிக்கத் தயாரித்த சுருக்கம் நமக்கு மிஞ்சியிருக்கிறது. எதை விட்டுவிட்டுச் சுருக்கினார்கள் என்ற சந்தேகத்தோடுதான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஊரில் இதைத் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். கும்மிப் பாட்டுகள் இருக்கின்றன. பாட்டி சொன்னதாகப் பேத்தி சொல்லும் கதைகள் இருக்கின்றன. பாட்டில் வரும் விலைவாசியை அப்படியே புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், யார் வீட்டில் கஞ்சி ஊற்றினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் ஆட்சியர் கடிதத்தில் கிடைக்காது. பேட்டி எடுக்கும்போது ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். அவர் பேசும் பேச்சை உங்கள் புத்தகத் தமிழுக்குத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஓலையில் "பிரமோதூத வருடம் சித்திரை மாதம்" என்று மட்டும் இருக்கிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரமோதூத நான்காவது. 1990-இல் வந்தது, அதற்கு முன் 1930, 1870, 1810. இவற்றில் எது என்பதை ஓலைக்குள்ளேயே தேட வேண்டும். நாணயம் ரூபாயா, வராகனா, பணமா? கம்பெனி துரை என்கிறதா, கலெக்டர் என்கிறதா? முத்திரைத்தாள் எண், சாட்சிகளின் பெயர், ஜமீன் வழக்கு ஏதாவது ஒன்று பிடி கொடுக்கும். கிழமை, திதி, நட்சத்திரம் குறித்திருந்தால் வேலை சுலபம். எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை நூற்றாண்டுக்கு முன்பே இதற்காகப் பெரிய பஞ்சாங்க அட்டவணைகள் தயாரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னை சட்டமன்றத்தின் தலைவராக இருந்தவருக்கு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கல்வெட்டுத் தேதியைக் கணிக்கிறவர்கள் இன்றும் அந்த அட்டவணைகளைப் புரட்டுகிறார்கள்.

ஓலையில் இருப்பது சக ஆண்டானால், கி.பி. ஆண்டுக்கு மாற்ற 78 கூட்டுங்கள். தை, மாசி, பங்குனியில் 79 ஆகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை மொழி தெரிய வேண்டும்?

தமிழும் ஆங்கிலமும் கட்டாயம். மற்றவை தலைப்பைப் பொறுத்தவை. தஞ்சை மராட்டியர் என்றால் மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து, ஆற்காடு நவாபுகள் என்றால் பாரசீகம், தரங்கம்பாடி என்றால் டேனிஷும் ஜெர்மனும், புதுச்சேரி என்றால் பிரெஞ்சு. "மொழிபெயர்ப்பு இருக்கிறதே" என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழ் மாணவரே ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தமிழில் எழுதினார். அந்தத் தமிழ் அச்சிலும் இருக்கிறது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் அனுமதித்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் ஆங்கிலத்தில் வந்த முந்தைய ஆய்வுகளைப் படிக்காமல் தப்பிக்க அதை வழியாக்கக் கூடாது.

இணையத்திலேயே எல்லாம் இருக்கிறதே, நூலகத்துக்கு ஏன் போக வேண்டும்?

நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், பழைய மாவட்டக் கையேடுகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பல்லாயிரம் தமிழ் நூல்களும் வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. தஞ்சாவூரிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் மாணவருக்கு இது பெரிய வரம். இருந்தாலும் மின்வடிவமானது நூலில் ஒரு பங்குதான், அரசுக் கட்டுகளில் அதைவிடக் குறைவு. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்த புத்தகங்களும் நோட்டீசுகளும் நாடக அறிவிப்புகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். அங்கே போய் உட்கார்ந்தால் நீங்கள் கேட்டதோடு, கேட்கத் தோன்றாததும் கண்ணில் படும்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்தவர்களைத் தனியாகச் சந்தித்து மூன்று விஷயம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த இயலை எவ்வளவு நாளில் படித்துத் திருப்பித் தருவார்? தன் கருத்துக்கு மாறாக எழுதினால் பொறுத்துக்கொள்வாரா? வீட்டு வேலை சொல்வாரா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால், அவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் வேண்டாம்.

கருத்தரங்குகளுக்குப் போக வேண்டுமா?

போங்கள், தேர்ந்தெடுத்துப் போங்கள். 1935-இல் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை, அதைப்போல் தென்னிந்திய அளவிலும் தமிழ்நாட்டு அளவிலும் ஆண்டுதோறும் கூடும் பேரவைகள் நல்ல பயிற்சிக்களம். உங்கள் கட்டுரைக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, குழுப்படம் எல்லாம் முடிந்து எஞ்சிய பத்து நிமிடம் அது. பயன் மதிய உணவு வரிசையில்தான். உங்கள் வட்டாரத்திலேயே வேறு கேள்வியோடு அலைகிற இன்னொருவரை அங்கேதான் சந்திப்பீர்கள்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுகிற "சர்வதேச" இதழ்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நாடளாவிய கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறர் எழுதியதை எவ்வளவு எடுத்தாளலாம்?

மேற்கோள் குறியும் இடச்சுட்டும் இருந்தால் தேவையான அளவு. இல்லாவிட்டால் ஒரு வரிகூட இல்லை. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பத்து சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இந்தப் பத்து சதவீதத்தை உரிமை என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதியதை மென்பொருள் சரியாகப் பிடிப்பதில்லை என்று தைரியமாக இருப்பவர்களும் உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு வருகிற புறத்தேர்வாளரே அந்தப் பத்தியை எழுதியவராக இருந்துவிட்ட கதைகள் எல்லாத் துறைகளிலும் உலவுகின்றன.

எங்கள் சமூகம் ஆண்ட பரம்பரை என்று ஆதாரத்தோடு எழுதித் தர முடியுமா?

முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது புதிதல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு, எங்கள் சாதியை இந்த வருணத்தில் சேர்க்க வேண்டும், இந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சங்கங்கள் மனுக் கொடுத்திருக்கின்றன, சாதி வரலாறுகளை அச்சிட்டிருக்கின்றன. அந்த நூல்கள் சேரசோழபாண்டியர் பற்றிச் சொல்வது நம்பும்படி இருக்காது. எழுதியவர்களின் காலத்தில் யார் யாரோடு மோதினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அவை முதல்தரமான சான்று. உங்கள் தாத்தா வைத்திருந்த அப்படிப்பட்ட சிறுநூல் ஏதாவது வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். அதைப் பற்றி மகிழ்ச்சியாக எழுதித் தருகிறேன்.

வீட்டுப் பரணில் பழைய பத்திரங்களும் ஓலைகளும் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில், கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுங்கள். எதோடு எது சேர்ந்து கிடந்தது என்பதும் தகவல்தான். நிலப்பத்திரத்தோடு ஒரு மருத்துவக் குறிப்பு கட்டியிருந்தால் இரண்டும் ஒரே கையில் இருந்தவை. பிறகு வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். ஓலை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். எண்ணெயும் மையும் தடவி எழுத்தைத் தெளிவாக்குவது பழகிய கைக்கு உரிய வேலை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கொடுக்க மனம் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் இருபுறமும் படமெடுத்து, எந்த ஊர், எந்த வீடு, யார் மூலம் வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். பரணில் மறுபடி வைப்பதானால் தரையிலிருந்து வரும் கறையான் பாதையையும் ஓட்டின் ஒழுகலையும் பார்த்துவிட்டு வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை இறக்கிப் பார்ப்பது நல்லது.